மனு கொடுத்த அன்னைக்கு

பொய்யே சொல்லாத மனுசன் என்று சிலரைப் புகழ்வார்கள். ரொட்டி மாஸ்டரை அப்படிப் புகழ முடியாது. எல்லாரையும்போல அவரும் பொய் சொல்வார். என்ன, சொன்ன பிறகு அந்தப் பொய்யை உண்மையாக்குவதற்கு உழைப்பார். அதுதான் அவரோடு வந்த தொல்லை.

கொடைக்கானலில் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்துப் பேக்கரி அவர் பொறுப்பில் இருந்தது. நான் பெருமாள்மலை முக்கில் காப்பிக்கடை வைத்திருந்தேன். பஸ் மாறுகிறவர்கள், லாரிக்காரர்கள், பேரிக்காய்க் கூடை ஏற்றுகிறவர்கள் எல்லாரும் என் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுந்திருப்பார்கள். மாஸ்டருடைய அப்பா வாங்கிப் போட்ட துண்டு இடம் ஒன்று என் கடைக்குப் பின்னால் மேட்டில் கிடந்தது. லீவு நாளில் மாஸ்டர் மேலேயிருந்து வந்து, அங்கே நின்ற பேரிக்காய் மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு காப்பி வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் போவார். மாவு பிசைந்து பிசைந்து முன்னங்கை மட்டும் பயில்வான் மாதிரி இருக்கும். மற்றபடி ஒல்லி ஆள், மெதுவான பேச்சு.

ஒரு தடவை வேலைக்குப் பிந்திவிட்டார். பஸ் கோளாறு. சமையல்கட்டு மேடம் ஏன் என்று கேட்டதற்கு, பஸ் கதையைச் சொல்லத் தெம்பில்லாமல், காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்தம்மா இரக்கப்பட்டு விட்டுவிட்டது. இவர் ரொட்டியைப் போட்டு முடித்துவிட்டு, குவார்ட்டர்ஸுக்குப் போய்க் கம்பளியை இழுத்து மூடிப் படுத்துவிட்டார். அவர் சம்சாரத்தை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

"ஒடம்பு குளுந்துதானே கெடக்கு?"

"காய்ச்சல்னு சொல்லிட்டேன்."

"சொன்னா?"

"சொல்லிட்டு ஏரிக்கரையில சுத்தவா? கஞ்சி வை."

அக்கா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். "உப்பே போடல தம்பி. காய்ச்சக்காரனுக்கு எதுக்கு உப்புன்னு விட்டுட்டேன். அந்த மனுசன் மூச்சு விடாமக் குடிச்சாரு" என்று கடையில் வந்து சொன்னாள். பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

இன்னொரு நாள், பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், "இன்னைக்கு நேரத்துக்கு வந்துச்சுன்னா மீசையை எடுத்துர்றேன்" என்றார். யார்தான் சொல்லாத பேச்சு? கெட்ட நேரம், பஸ் வந்துவிட்டது. அடுத்த வாரம் மழுமழுவென்று வந்து நிற்கிறார். நாங்கள் கேலி பண்ணியபோது அவர் சொன்னது இதுதான்: "வாய் முன்னால போயிருச்சு. நான் பின்னால போய்த்தானே ஆகணும்?"

இப்படிப்பட்ட மனுசனைத்தான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து வீட்டுக் கடனுக்கு மனுப் போட வைத்தோம். இது அறுபதுகளின் கடைசியில்.

பள்ளிக்கூடத்தில் புது ஹாஸ்டல் கட்டுவதற்கு வேலைக்காரர் குவார்ட்டர்ஸை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். வேலை உண்டு, வீடு கிடையாது. மாஸ்டரிடம் இருந்தது மேட்டு இடம் மட்டும். வீடு கட்டக் கடன் கொடுக்கும் கூட்டுறவு சொசைட்டி ஒன்று அப்போது இருந்தது. இடத்தை அடமானம் எழுதிக் கொடுத்தால், சுவர் எழும்ப எழும்பப் பணம் தருவார்கள். அதற்குக் கேட்ட காகிதங்களை மாஸ்டர் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். சம்பளச் சர்டிபிகேட், தீர்வை ரசீது, மூலப்பத்திரம், வில்லங்கச் சர்டிபிகேட், வீட்டு பிளான். ரொட்டி சுற்றுகிற மெழுகுக் காகிதத்துக்குள் எல்லாவற்றையும் வைத்துக் கொண்டுவருவார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்துச் சொல்வேன். வில்லங்கம் இல்லை என்று எழுதியிருந்த காகிதம்கூட ஈஸ்ட் வாசம் அடித்தது.

கடைசியில் சொசைட்டி வக்கீல் ஒரு இடத்தில் நிறுத்தினார். பட்டா அப்பா பேரில் இருக்கிறது. அப்பா இல்லை. மகன்கள் இரண்டு பேர். மாஸ்டரும் அவருடைய அண்ணனும். அண்ணன் கையெழுத்து இல்லாமல் அடமானம் வாங்க முடியாது.

அண்ணன் எங்கே? மீசை அரும்புகிற வயசில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். போனவர் போனவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது. யாரையாவது வைத்து எழுதுவதற்கு வெட்கமோ என்னவோ. போகிற வருகிறவர்களிடம் மாஸ்டர் சொல்லிவிட்டுப் பார்த்தார். எந்தத் தோட்டம் என்றே தெரியாமல் யாரிடம் போய்க் கேட்பது?

அப்போதுதான் எங்கள் கிராம முன்சீப், என் கடைக் காப்பியை ஆற்றிக்கொண்டே, வழி சொன்னார்.

"செத்துட்டார்னு எழுதிருவோம். வாரிசு நீ ஒருத்தன்தான்னு நான் ரிப்போர்ட் குடுக்கிறேன். தாசில்தார் ஆபீசுல சர்டிபிகேட் போட்டுருவாக."

"உசுரோட இருந்தா?" என்றார் மாஸ்டர்.

"உசுரோட இருக்கவன் இத்தனை வருசத்துல ஒரு காயிதம் போட மாட்டானா?"

மாஸ்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "குவார்ட்டர்சை அளந்துட்டுப் போயிட்டாக. மழைக்குள்ள ஒரு கூரை வேணும். நான் வேறென்ன சொல்ல?" என்றாள். லாரி புக்கிங் ஆபீஸ்காரரும் பேரிக்காய்க் கமிஷன்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்கள். நானும் சும்மா இல்லை. "காயிதத்துலதானே, மாஸ்டர்" என்றேன்.

"காயிதத்துலதான்" என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மனுவைக் கொடுத்துவிட்டுப் போனவர், மறு லீவு நாளில் வந்து இறங்கினார். தலை மொட்டை. எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையைப் பார்த்தால் யாருக்கும் ஒரே கேள்விதான். பழனி காலடியில் இருக்கிறது. பெஞ்சிலிருந்து ஒருவர், "என்ன மாஸ்டர், பழனியா? பஞ்சாமிர்தம் எங்க?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும்.

"இல்லைங்க. எங்கண்ணன் தவறிட்டாரு."

விஷயம் தெரியாதவர்கள் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்கள். விஷயம் தெரிந்த முன்சீப்புக்குக் காப்பி புரையேறியது. நான் மாஸ்டரை உள்ளே இழுத்துப் போய்க் கேட்டேன். ஓடைக்கரையில் ஆள் வைத்து மொட்டை போட்டு, எள்ளும் தண்ணியும் இறைத்து, பேக்கரிக்காரர்களுக்குச் சாப்பாடும் போட்டிருக்கிறார்.

"எதுக்கு மாஸ்டர்?"

"எழுதிக் குடுத்துட்டு முடியோட திரியச் சொல்றியா? கூடப் பொறந்தவரு."

சாவுச் செய்தி பரவினால் சும்மா இருக்குமா? பெண்கள் துட்டி கேட்க வந்துவிட்டார்கள். அக்கா தரையில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துப் போட்டு, வருகிறவர்களைக் கட்டிக்கொண்டு அழவேண்டியதாகிவிட்டது. "மொகமே பாக்காத மனுசன். என்னன்னு சொல்லி ஒப்பாரி வைக்கிறது?" என்று பிறகு என்னிடம் கேட்டாள். "கடைசியில எங்கம்மாவை நெனச்சுக்கிட்டேன். அழுகை வந்துருச்சு. ஆனா தம்பி, அழுது முடிச்சப்பறம் அந்த மனுசனுக்காகவும் கொஞ்சம் வந்துச்சு. அதான் எனக்கே பயமா இருக்கு."

சொசைட்டி சூப்பர்வைசர் இடம் பார்க்க வந்தபோது நானும் கூட இருந்தேன். நல்ல மனுசர். மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்ப தவறினாருங்க?"

"மனு கொடுத்த அன்னைக்கு" என்றார் மாஸ்டர்.

சூப்பர்வைசர் பேனா நின்றுவிட்டது. அக்கா முந்திக்கொண்டாள். "மனுவை எடுத்துக்கிட்டுப் போறப்பத்தான் சேதி வந்துச்சுங்கய்யா. அந்தத் துக்கத்துல மனுசன் இப்படித்தான் பேசிக்கிட்டுத் திரியுறாரு." சூப்பர்வைசர் மாஸ்டர் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டு, எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டார். வேறு எந்தக் காகிதத்தையும் அவர் புரட்டிப் பார்க்கவில்லை. அந்த மொட்டைத் தலையே போதும் என்றாகிவிட்டது.

கடன் வந்தது. அடமானப் பத்திரம் பதிவானது. மழைக்கு முன்னாலேயே மேட்டில் ரெண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே தகரம். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிச் சாமான்களை லாரியில் ஏற்றி என் கடை வாசலில் இறக்கினார்கள். அப்போது மாஸ்டர் சொன்னார், வீட்டுக்குள் இப்போது போக முடியாதாம். சாவு விழுந்த குடும்பம். வருசம் திரும்புகிறவரை நல்ல காரியம் எதுவும் பண்ணக்கூடாது. பால் காய்ச்சாமல் புது வீட்டுக்குள் எப்படி நுழைவது?

அக்கா சாமான் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "செத்தே போகாத மனுசனுக்கு வருசத் துக்கமாம். கேட்டுக்க தம்பி, கேட்டுக்க. நான் இதை யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?"

வேறு வழியில்லாமல் என் கடைக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையை ஒதுக்கிக் கொடுத்தேன். அந்த மழைக்காலம் முழுக்க அதில்தான் இருந்தார்கள். கூரை ஒழுகும். அக்கா ஒழுகுகிற இடமெல்லாம் பாத்திரம் வைப்பாள். அங்கேயிருந்து நிமிர்ந்து பார்த்தால் மேட்டில் புது வீடு, பூட்டுப் போட்டபடி, ஒரு சொட்டு ஒழுகாமல் நிற்கும். மாஸ்டர் சாக்கின்மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இலங்கையில இப்ப மழையா இருக்குமா?" என்பார் திடீரென்று.

"செத்தவனுக்கு மழை என்ன, வெயில் என்ன?" என்பாள் அக்கா, பாத்திரத் தண்ணியைக் கொட்டிக்கொண்டே.

"சின்னப்பிள்ளையில ஒருக்கா பழனிக்கு நடந்து போனோம். எனக்குக் கால் வலிச்சிருச்சு. மலை இறங்குற தூரமெல்லாம் அவருதான் என்னையத் தோள்ல வச்சுக்கிட்டு வந்தாரு."

அக்கா அடுத்த பாத்திரத்தை எடுக்கப் போய்விடுவாள். நான் அடுப்பைக் கிளறப் போய்விடுவேன். காகிதத்தில்தானே என்று நான் சொன்ன வார்த்தை கொட்டகைக்குள் எங்களோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

மழை விட்ட மாசம், வத்தலக்குண்டிலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு பெரியவர் இறங்கினார். கூட ஒரு பொம்பளை, வளர்ந்த பையன், தகரப் பெட்டி. அவர் நேரே என்னிடம் வந்தார். "இங்கன ரொட்டி போடுற ஆளு ஒருத்தர் இருக்காராமே? எங்க தோட்டத்து லயத்துல ஒரு ஆளு சொல்லிச்சு. என் தம்பிங்க அது."

என் கையில் இருந்த கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்றைக்குத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றவர்கள் பெஞ்சில் இல்லாதது சாமி புண்ணியம். சாட்சிக் கையெழுத்துப் போட்ட புக்கிங் ஆபீஸ்காரர் மட்டும் இருந்தார். "எனக்கொரு சோலி கெடக்கு" என்று எழுந்தவர், பாதிக் காப்பியை விட்டுவிட்டு வெரசா நடையைக் கட்டிவிட்டார்.

சாயங்காலம் மாஸ்டர் வந்தார். கொட்டகை வாசலில் அண்ணனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாடா தம்பி, இப்படி மெலிஞ்சு போயிட்ட?"

"அண்ணே, நான் ஒங்களைக் கொன்னுட்டேண்ணே."

சொன்னார். ஒன்றையும் மறைக்காமல், மனுவிலிருந்து மொட்டைவரைக்கும் சொன்னார். பெரியவர் பெட்டிமேல் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார்.

"கருமாதிக்கு என்னா சமைச்ச?"

அக்காதான் பதில் சொன்னாள். "வடை பாயசத்தோடங்க."

"அப்ப சரி. உசுரோட இருந்தப்ப எனக்கு எவனும் வடை சுட்டதில்ல."

நாங்கள் சிரித்துவிட்டோம். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் அவ்வளவு லேசாக விட்டுவிட்டது அவருக்கு இன்னும் பாரமாகிவிட்டது என்று நினைக்கிறேன். திட்டியிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும்.

செத்தவரே வந்தபிறகு துக்கம் ஏது? பெரியவரே நாள் பார்க்காமல் கதவைத் திறந்து, பால் காய்ச்சி, எல்லாரையும் உள்ளே கூட்டிப் போனார். அக்கம்பக்கத்துக்கு, இலங்கையிலிருந்து வந்த தூரத்துச் சொந்தம் என்று அக்கா சொல்லி வைத்தாள். அந்தப் பொய்யையாவது மாஸ்டர் கையில் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் இது ஒரு சிரிப்புக் கதைதான். பெரியவருக்குப் பிழைக்க வழி வேண்டுமே. இலங்கையிலிருந்து திரும்பினவர்களுக்குத் தொழிலுக்கு உதவி உண்டு, மனுப் போடலாம் என்றார்கள். அதற்கும் காகிதம் வேண்டும். இந்த ஊரில் பிறந்தவர், இன்னார் மகன் என்று கிராமத்தில் எழுதி வாங்கவேண்டும். அண்ணனும் தம்பியும் முன்சீப் வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். முன்சீப் சத்தம் போடவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் எழுதிச் சாகடிச்ச ஆளை நானே எப்படிய்யா எழுப்புறது? நீங்க உசுரோட இருக்கீகன்னா வாரிசுச் சர்டிபிகேட் பொய்யி. அது பொய்யின்னா அடமானம் பொய்யி. வீடும் போகும், ஒங்க தம்பியும் உள்ள போவாரு. நானுந்தான்."

மாஸ்டர் மறுநாள் வெள்ளனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தாலுகா ஆபீசில் போய் உண்மையைச் சொல்லிவிடுவதாம். பெரியவர் என் கடை வாசலில் அவரை மறித்தார்.

"எங்க போற?"

"ஒங்களை உசுரோட இருக்கறதா எழுதச் சொல்றதுக்கு."

"எழுதுவான். வீட்டை எடுத்துக்கிட்டு எழுதுவான். ஒம் பொண்டாட்டி மறுபடியும் அந்த வெறகுக் கொட்டகைக்குப் போகணுமா?"

"எம் மேலதானே தப்பு?"

"தப்பு ஒம் மேலதான். வீடு ஒங்க ரெண்டு பேருக்குமில்ல?" என்றார் பெரியவர். "நான் தோட்டம் தோட்டமா மாறினவன்டா. இன்னொரு ஊரு எனக்குப் பெரிசில்ல. எம் பொண்டாட்டியோட ஆளுக கிளாவரையில இருக்காங்க. அங்கன பொறந்தவன்னு எழுதிக் குடுத்துருவாங்க."

அப்படியே ஆனது. கேரளா பக்கம் பார்த்த கடைசி மலை ஊரில், வேறு யாரோ ஒருவர் மகனாகப் பெரியவர் பேர் ஏறியது. பையன் பேரும் அதே கணக்கில் ஏறியது. காலி லாரி ஒன்றில் தகரப் பெட்டியை ஏற்றிவிட்டு, என்னிடம் காப்பி நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தப் பக்கம் தலை காட்டவேண்டாம் என்று முன்சீப் கேட்டுக்கொண்டிருந்ததால், பிறகு அவர் கீழே வரவில்லை.

ஆனால் மட்டக்குதிரை முதுகில் பூம்பாறைக்கு வந்து, அங்கிருந்து லாரியேறி, அவ்வப்போது ஒரு மூட்டை பூண்டு மாஸ்டருக்கு வரும். போகிற லாரியில் மாஸ்டர் ரொட்டி கொடுத்துவிடுவார். ஒரு தடவை டிரைவர், "என்ன மாஸ்டர், பூண்டு யாவாரமா?" என்று கேட்க, இவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். லாரி போனதும் என்னிடம் வந்து, "இதுல கொஞ்சம் நீ வெலைக்கு வாங்கிக்க" என்றார். எனக்குப் பூண்டு தேவையில்லை. காப்பிக்கடையில் பூண்டை வைத்து என்ன செய்ய? ஆனாலும் ஒவ்வொரு மூட்டைக்கும் வாங்கினேன்.

வீட்டை யாராவது நல்லாயிருக்கு என்று சொன்னால், "எங்கண்ணன் குடுத்தது" என்பார். தவணையை ஒரு மாசம்கூடத் தவறவிடவில்லை.

சில வருசம் இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் அதே டிரைவர், லாரியை நிறுத்தாமலே, தலையை வெளியே நீட்டிச் சொன்னார். "மாஸ்டர்கிட்டச் சொல்லிருங்க. கிளாவரையில அவரோட பூண்டுக்காரர் தவறிட்டாரு. அடக்கமெல்லாம் முடிஞ்சுபோச்சு."

நான்தான் மேட்டுக்குப் போய்ச் சொன்னேன். மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா வாயைத் திறந்தவள், எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் யார் செத்தது என்று சொல்வது? அவர்கள் வந்து கட்டிப்பிடித்து அழுது, அந்தச் சாவு எப்போதோ முடிந்துவிட்டது.

கருமாதிக்கு முந்தின நாள் விடியலில் மாஸ்டர் என் கடைக்கு வந்தார். மேலே போகிற காலி லாரிக்குக் காத்திருந்தார். மொட்டை போட்டுக்கொள்ளவில்லை. காலடியில் பெரிய மூங்கில் கூடை, மேலே வெள்ளைத் துணி. துணியைத் தூக்கிப் பார்த்தேன். வாய்வரைக்கும் ரொட்டி.

"கருமாதி வீட்டுக்கு எதுக்கு மாஸ்டர் இத்தனை ரொட்டி?"

அவர் காப்பியை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"அங்க கேப்பாகல்ல, நீங்க யாரு, என்ன ஒறவுன்னு. தம்பின்னு சொல்ல முடியாது. சொன்னா அந்தப் பையனோட காயிதமெல்லாம் கெட்டுப்போகும். அவன் இப்பத்தான் ஏதோ மனுப் போட்டிருக்கானாம்." நான் தூக்கின துணியை இழுத்து மூடினார். "ரொட்டி கொண்டாந்தவன்னு சொல்லிக்கிறேன்."

லாரி வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கூடையின் ஒரு காதைப் பிடித்தார்.

"ஒரு கை குடு."

மற்றொரு காதை நான் பிடித்தேன். கூடை நல்ல கனம்.